இரண்டும் பதினான்கு புள்ளி இரண்டு

புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் படகு தீவை விட்டுக் கிளம்பியபோது அதில் பத்துப் பேர் இருந்தார்கள். சிறுநீரகம் கெட்ட நோயாளிகள் ஏழு பேர், அவர்களோடு போய் வரும் நர்ஸ், படகை ஓட்டும் அத்தான், அத்தானின் மச்சான் முடிச்சு. ஏழு நோயாளிகளில் ஒருத்தி முடிச்சின் அக்கா; அத்தானின் மனைவி.

திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை அந்த ஏழு பேரும் கரையிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்து கிடந்து திரும்புவார்கள். அந்த வாரம் புயல் வந்து ஞாயிறு முதல் செவ்வாய் வரை கடலை மூடிவிட்டது. திங்கள்கிழமை முறை போயிற்று. கடைசியாக அவர்கள் ரத்தம் சுத்தமானது வெள்ளிக்கிழமை. ஐந்து நாளாக உடம்பில் சேர்ந்த நீர் காலிலும் முகத்திலும் நின்றது. அக்காவுக்கு அன்று காலை செருப்பு நுழையவில்லை. அத்தானின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதரைக்குள் படுக்கையில் இருக்க வேண்டும். தவறினால் இயந்திரம் அடுத்த தொகுதிக்குப் போய்விடும். அன்று இரவு வரை வேறு இடமில்லை. "ராத்திரி வரைக்கும் தாங்காது, ரெண்டு பேருக்கு நெஞ்சுல நீர் கோத்துருக்கு" என்று நர்ஸ் ஏறும்போதே அத்தானின் காதில் சொல்லியிருந்தார்.

முடிச்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஐம்பத்தொரு வயது, இருபத்தாறு வருடமாகப் படகுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஒயருக்குக் கலர் டேப் சுற்றுவார்கள். இவர் மெழுகு நூலால் முடிச்சுப் போடுவார்: இடது எஞ்சின் ஒயருக்கு ஒரு முடிச்சு, வலது எஞ்சினுக்கு இரண்டு. இருட்டில் தடவியே கண்டுபிடிக்கலாம் என்று காரணம் சொல்வார். டேப் வாங்கக் காசு எடுக்க மனம் வராத கஞ்சன் என்பது படகுத்துறையில் பேச்சு. "மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற ஆளுன்னு சொல்லுவாங்களே, அது எங்க மச்சான்தான்" என்று அத்தான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

உண்மைக் காரணம் வேறு. முடிச்சின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பத்தொன்பது வயதில் துறைமுக வேலைக்கு ஆள் எடுத்தபோது, ஒரு டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த வட்டத்தைக் காட்டி அதிலுள்ள எண்ணைச் சொல்லச் சொன்னார். "எந்த எண்ணு சார்?" என்று கேட்டார் முடிச்சு. டாக்டர் புத்தகத்தை மூடினார். முடிச்சு வீட்டுக்கு வந்து, உயரம் ஓர் அங்குலம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். அது முதல் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி. அதுவும் இவர் சொல்லி அல்ல. கல்யாணமான நான்காம் மாதம் இவர் துணி மடித்ததைப் பார்த்து அவளே கண்டுகொண்டாள். நிறம் தெரியாத எலக்ட்ரீஷியனை எவன் கூப்பிடுவான்? அதனால் எந்த ஒயரையும் மீட்டர் வைத்து இரண்டு முறை பார்ப்பார். பார்த்ததைத் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுவார். அப்படிப் பத்தொன்பது நோட்டு சேர்ந்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு ஒயரும் மாறியதில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மாறியது.

புயலில் படகு சும்மா கிடந்த நாளில், இரண்டு எஞ்சினிலும் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மெக்கானிக் கழற்றிப் பேரிங் மாற்றினார். திரும்பப் பொருத்தி ஒயர் மாட்டுவது முடிச்சின் வேலை. கனமான ஒயர்களில் குழப்பமில்லை. அவை நீளத்திலேயே தெரியும். ஆனால் பேட்டரி நிறைந்திருக்கிறதா, பசித்திருக்கிறதா என்று ஆல்டர்னேட்டருக்குச் சொல்ல, ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் வருகிறது. அந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"அழுக்கு நூலையெல்லாம் வெட்டிப் போட்டுட்டேன்" என்றார் மெக்கானிக் பெருமையாக. "புது டேப் சுத்தியிருக்கேன். செவப்பு இடது, பச்சை வலது. இனிமே கண்ண மூடிட்டு மாட்டலாம்."

முடிச்சு இரண்டு ஒயரையும் கையில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் காய்ந்த சேற்றின் நிறம். ஒன்று கொஞ்சம் கறுப்பு தட்டியது போல இருந்தது. மீட்டரை வைத்தார். இதில் பன்னிரண்டு புள்ளி நான்கு வோல்ட். அதிலும் பன்னிரண்டு புள்ளி நான்கு. மழைநீரை இறைக்கும் பம்பு மூன்று நாளாக ஓடி இடது பேட்டரியைக் குடித்திருந்ததால், அத்தான் சுக்கான் அறையிலுள்ள இணைப்பு ஸ்விட்சைப் போட்டு இரண்டு பேட்டரியையும் ஒன்றாக்கி வைத்திருந்தார். ஒன்றான பிறகு மீட்டருக்கு எது இடது, எது வலது? மேலே போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் தெரிந்துவிடும். நான்கு நிமிட வேலை.

மெக்கானிக் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "என்ன முடிச்சு, இவ்வளவு நேரம்? கலர் தெரியலையா?"

கேலிதான். ஆனால் முப்பத்திரண்டு வருடமாகப் பயந்த கேள்வி அது.

"தெரியாம என்ன?" என்றார் முடிச்சு. கறுப்பு தட்டிய ஒயரை இடது ஆல்டர்னேட்டரில் மாட்டினார்.

எஞ்சின்களை ஓடவிட்டு அளந்தபோது இடது 14.2, வலது 14.2. ஐந்து மணி ஐம்பது நிமிடம் என்று நோட்டில் எழுதி மூடினார்.

புதன் காலை, வழக்கம்போலக் கிளம்பிப் பன்னிரண்டு நிமிடம் கழித்து, ஆறு ஐம்பத்திரண்டுக்கு அத்தான் இணைப்பு ஸ்விட்சை அணைத்தார். புயல் போன கடல் கலங்கி, அலை நீளமாக வந்தது. நோயாளிகள் யாரும் பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாத வாத்தியார்கூட, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், தலையைப் பின்னால் சாய்த்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு முப்பத்தைந்துக்கு அவர்தான் முதலில் கண்ணைத் திறந்தார். "யாருப்பா அது? அழுகின முட்டை நாத்தம் வருது. நான் இல்ல, எனக்கு ரெண்டு நாளா சாப்பாடே எறங்கல."

நர்ஸ் சிரித்தார். முடிச்சு சிரிக்கவில்லை. அந்த நாற்றம் எதனுடையது என்று அவருக்குத் தெரியும். எழுந்து பின்பக்கம் போய் எஞ்சின் அறையின் தளப்பலகையைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது. வலது பேட்டரிப் பெட்டிக்குள்ளிருந்து உலைநீர் போலச் சலசலப்புக் கேட்டது. மூடியில் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

"பீடி, சிகரெட்டு யாரும் பத்த வைக்காதீங்க. அந்த ரெண்டாவது பலகையையும் தூக்குங்க. காத்து வரட்டும்" என்று கத்தினார்.

"என்னாச்சு மச்சான்?" என்றார் அத்தான் சுக்கானிலிருந்து.

"வலது பேட்டரி கொதிக்குது. அதுலேர்ந்து வர்ற வாயுவுல ஒரு பொறி பட்டாப் போதும்."

நர்ஸ் இரண்டாவது பலகையைத் தூக்கிச் சாய்த்து வைத்தார்.

அந்த நேரம் படகு முகத்துவாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணல்திட்டுக்கு நடுவில் குறுகலான வாய். அதைத் தாண்டினால்தான் கரை. எட்டு இருபத்தைந்துக்கு நீர் இறங்கத் தொடங்கும். இறங்கும் நீர் வாயில் பாய்ந்து வெளியே வரும்போது ஒற்றை எஞ்சினால் எதிர்த்து ஏற முடியாது. இரண்டு எஞ்சின் இருந்தால் முடியும்.

ஏழு ஐம்பதுக்கு எச்சரிக்கை மணி கத்தியது. இடது எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

அத்தான் சாவியைத் திருகினார். 'டக்' என்ற ஓர் ஒலி, அவ்வளவுதான். எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வால்வைத் திறந்து பிடிக்கக்கூட இடது பேட்டரியில் தெம்பில்லை. படகு ஒரு பக்கமாக இழுத்தது. அத்தான் வலது எஞ்சினை மட்டும் வைத்து, மூக்கை அலைக்கு நேராக நிறுத்தப் பாடுபட்டார்.

"இந்தப் பக்கம் பட்டினி, அந்தப் பக்கம் அஜீரணமா?" என்று பல்லைக் கடித்தார். "நேத்து சாயந்தரம்தானே பார்த்தே? என்னத்தப் பார்த்தே?"

முடிச்சு அறைக்குள் இறங்கி மீட்டரை வைத்தார். இடது 10.3. வலது 16.1. இரண்டும் பதினான்கை ஒட்டி இருக்க வேண்டியவை. நோட்டை எடுத்து முந்தின நாள் பக்கத்தைத் திருப்பினார். இடது 14.2, வலது 14.2. அப்போதுதான் அந்த வரி அவரைக் குத்தியது. அதற்கு முந்தின பக்கம்: 14.0, 14.3. அதற்கும் முன்னால்: 13.9, 14.1. இந்தப் படகு வந்த ஆறு வருடத்தில் அதன் இரண்டு பேட்டரியும் ஒருநாள்கூட ஒரே எண்ணைக் காட்டியதில்லை. அண்ணன் தம்பிக்கே பசி ஒன்றாக இருக்காது. இரண்டு பேட்டரிக்கு எப்படி இருக்கும்? நேற்று அளந்தபோதும் இணைப்பு ஸ்விட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. அவர் அளந்தது இரண்டு பேட்டரி அல்ல. ஒன்றையே இரண்டு முறை.

மெல்லிய ஒயர்கள் மாறியிருந்தால் இப்போது நடப்பதற்கெல்லாம் கணக்குச் சரியாக வந்தது. வலது ஆல்டர்னேட்டர் இடது பேட்டரியின் பசியைப் பார்த்துவிட்டு, வலது பேட்டரிக்கு அள்ளி அள்ளிக் கொட்டுகிறது. இடது ஆல்டர்னேட்டர் வலது பேட்டரியின் ஏப்பத்தைக் கேட்டுவிட்டு, போதும் என்று கையைக் கட்டிக்கொண்டது. ஒருவன் தட்டைப் பார்த்து இன்னொருவனுக்குப் பரிமாறினால் வேறு என்ன ஆகும்?

ஆனால் வேறு விதமாகவும் கணக்கு வரும். வலது ஆல்டர்னேட்டரின் கட்டுப்பாடு செத்து, இடது ஆல்டர்னேட்டர் புதுப் பேரிங்கோடு பழுதாகியிருந்தாலும் இதே எண்கள்தான். அப்படியானால் ஒயரைத் தொட்டுப் பயனில்லை. இணைப்பு ஸ்விட்சைப் போடவும் பயம்: கொதிக்கிற பேட்டரியிலிருந்து பட்டினிப் பேட்டரிக்குப் பாயும் மின்சாரமே வாயுவில் பொறி போட்டுவிடும். ஒயரைத் தொட வேண்டுமென்றால் ஓடுகிற ஒரே எஞ்சினையும் நிறுத்த வேண்டும். மணல்திட்டுக்கு முன்னூறு அடி தள்ளி அதை ஒரு முறைதான் நிறுத்தலாம். ஒயர்களை நுனி வரை அளந்து பார்த்துவிட்டால் உறுதியாகிவிடும்.

அந்த நேரத்தில் ஓர் அலை படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. முடிச்சு எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மீட்டர் கையை விட்டுப் போய், படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. எடுத்தபோது திரை வெறுமையாக இருந்தது. உதறினார், ஊதினார். ஒன்றுமில்லை.

மணி ஏழு ஐம்பத்தெட்டு.

இனி ஒரே வழி. மெக்கானிக் சொன்னது நினைவில் இருந்தது: செவப்பு இடது, பச்சை வலது. இடது ஆல்டர்னேட்டரில் இருக்கும் ஒயரின் டேப் பச்சை என்றால், மாறியிருக்கிறது. சிவப்பு என்றால், கோளாறு வேறு. வெளிச்சம் நேராக விழுந்தது. டேப் கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. முடிச்சு குனிந்து பார்த்தார். காய்ந்த சேறு.

தலைக்கு நேர் மேலே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் குனிஞ்சு பாரு. இங்க, என் விரல் இருக்கிற ஒயரு. டேப்பு என்ன கலர்?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "உன் மூக்குக்கு நேராதானேடா இருக்கு? நீ பாரேன்."

"டார்ச்சு வேணுமா?" என்று அத்தான் கத்தினார்.

மூக்குக்கண்ணாடியில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லலாம். வாயில் அது வந்தும்விட்டது. ஆனால் அப்படிச் சொன்னால், பதிலை யாரும் பெரிதாக எண்ணிப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். போகிற போக்கில் ஏதோ சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

"வெளிச்சம் இருக்கு அத்தான். எனக்குத்தான் செவப்பும் பச்சையும் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே தெரியாது. அக்கா, இது வெளையாட்டு இல்ல. நல்லாப் பார்த்துச் சொல்லு."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்தாறு வருஷமா என் படகுல ஒயர் மாட்டுறே!" அத்தான் சுக்கானில் அறைந்தார். "என் பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு வர்றேன்டா இதுல!"

"ஆமா அத்தான். கரைக்குப் போய் அடிங்க. இப்போ கலர் வேணும்."

அக்கா இருக்கையை விட்டு இறங்கி, வீங்கிய காலோடு பலகை விளிம்பில் மண்டியிட்டாள். நர்ஸ் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சை" என்றாள்.

"நிச்சயமா?"

"பச்சைடா. காய்த் தக்காளி மாதிரி பச்சை." நிறுத்தித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "அதனாலதான் சந்தைக்கு அனுப்புனா காயாப் பொறுக்கிட்டு வந்து அப்பாகிட்ட அடி வாங்குவியா?"

"ஆமாக்கா. அந்தப் பக்கம் இருக்கிறதையும் பாரு."

"அது செவப்பு."

"அத்தான், நங்கூரத்தப் போடுங்க. எஞ்சின நிறுத்துங்க. மெயின் ஸ்விட்ச அணைங்க."

அத்தான் ஒரு கணம் தயங்கினார். பிறகு நங்கூரம் விழும் சத்தம் கேட்டது. "அடி சேறு, பிடிக்காது, இழுத்துக்கிட்டே போகும். ஆறு நிமிஷம். அதுக்கு மேல திட்டுதான்."

எஞ்சின் நின்றதும் வந்த அமைதியில் பேட்டரியின் சலசலப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது. வாயு போவதற்காக நர்ஸும் வாத்தியாரும் ஒரு தார்ப்பாயை ஆளுக்கொரு முனை பிடித்து விசிறினார்கள். "முப்பது வருஷம் பிள்ளைங்கள எனக்கு விசிற வெச்சேன், இப்போ வட்டியோட கழிக்கிறேன்" என்றார் வாத்தியார்; சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. முடிச்சு ஒன்றரை நிமிடம் சும்மா நின்றார். மணல்திட்டின் மேல் உடையும் அலை காதில் விழுந்தது. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு சும்மா நின்ற அந்த ஒன்றரை நிமிடம்போல ஒன்று அவர் வாழ்நாளில் இல்லை.

பிறகு குனிந்தார். மெல்லிய ஒயரில் உயிர் இருந்தது. இரும்பில் பட்டால் பொறி. ஸ்பேனரின் கழுத்துவரை துணி சுற்றி, இடது ஆல்டர்னேட்டரின் நட்டைக் கழற்றினார். ஒயரின் நுனியை உடனே ரப்பர் குழாய்த் துண்டுக்குள் செருகினார். வலப்பக்கம் தவழ்ந்து போய் அதையும் அப்படியே செய்தார். வலது நட்டு கையை விட்டு நழுவி மடியில் விழுந்தது, தண்ணீரில் விழவில்லை. ஒயர்களைக் குறுக்கே மாற்றிக் கொண்டுபோய் மாட்டி இறுக்கினார். நடுவில் ஒருமுறை, "அக்கா, இப்போ இந்தப் பக்கம் என்ன?" என்றார்.

"செவப்பு."

"நாலு நிமிஷம் ஆச்சு!" என்றார் அத்தான்.

"மெயின் போடுங்க. வலத ஸ்டார்ட் பண்ணுங்க."

வலது எஞ்சின் பிடித்துக்கொண்டது. முடிச்சு கொதிக்கும் பெட்டியின் பக்கம் காதை வைத்துக் கண்ணை மூடினார். மீட்டர் இல்லாதவனுக்குக் காதுதான் மீட்டர். சலசலப்பு இருந்தது, அரை நிமிடம் இருந்தது, பிறகு மெல்ல மெல்லத் தணிந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய பானை போல.

"இணைப்ப ஒரு நிமிஷம் போட்டு இடத எழுப்புங்க. எழுந்ததும் அணைச்சிடுங்க."

இடது எஞ்சின் முக்கியது, முனகியது, மூன்றாம் முறை எழுந்தது. அத்தான் இணைப்பை அணைத்தார். இரண்டு எஞ்சினும் நிற்கவில்லை. எச்சரிக்கை மணி கத்தவில்லை. நங்கூரத்தை இழுக்கும்போது பின்பக்க விளிம்பிலிருந்து மணல்திட்டு முப்பது அடி.

முகத்துவாரத்துக்குள் நுழைந்தபோது எட்டு இருபத்தொன்பது. நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. நடக்கிற வேகத்தில்தான் படகு ஏறியது. துறைக்கு ஒன்பது பத்து. வேனில் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது இருபத்திரண்டு. ஏழாவது ஆளாக அக்கா படுக்கையில் சாய்ந்தபோது சுவர்க்கடிகாரம் ஒன்பது இருபத்தேழு காட்டியது. நர்ஸ் தலைகளை எண்ணிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

அக்காவின் கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. ஒன்றின் கவ்வி சிவப்பு, மற்றதன் கவ்வி நீலம். "இது செவப்பு, இது நீலம்" என்றாள் அக்கா, களைப்போடு.

"நீலம் தெரியும்க்கா."

"எனக்கென்னடா தெரியும், உனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு? நீ சொன்னாத்தானே?" அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா, தூக்கமா என்று தெரியவில்லை.

அத்தான் கரையில் அவரை அடிக்கவில்லை. நோயாளிகளை வேனில் ஏற்றிவிட்டுப் படகுக்கே திரும்பிவிட்டார். மதியம் முடிச்சு ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் இரவல் கேட்டு, துறைக்கு நடந்து போனார். வலது பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதன் பக்கச்சுவர் உப்பியிருந்தது. இன்னும் ஒரு மாதம் தாங்கினால் அதிகம். டேப்பின் மேலேயே மெழுகு நூலைச் சுற்றி, இடது ஒயரில் ஒரு முடிச்சும் வலது ஒயரில் இரண்டும் போட்டார். நிமிர்ந்தபோது அத்தான் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கிட்ட யார் சொல்றது?" என்றார்.

"நானே சொல்றேன்."

"துறையில எல்லார்கிட்டயும்தான் சொல்லணும். அவங்க படகுலயும் ஆளுங்க போறாங்க. அப்புறம் கூப்பிடுறதும் கூப்பிடாததும் அவங்க இஷ்டம்."

"சரி அத்தான்."

"நீங்க கூப்பிடுவீங்களான்னு கேக்க மாட்டியா?"

முடிச்சு மீட்டரைக் கையில் எடுத்தார். அத்தான் சுக்கான் அறைக்குப் போய், இணைப்பு ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, "அணைஞ்சிருக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, இரண்டு எஞ்சினையும் ஓடவிட்டார்.

முடிச்சு அளந்தார். நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டார். கோளாறு என்ற கட்டத்தில், இரண்டு மெல்லிய ஒயர்களும் இடம் மாறியிருந்தன என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினார்: ஒயர் மாட்டியவனுக்கு நிறம் தெரியாது, தெரியாது என்று அவன் சொல்லவில்லை.

அதன் கீழே, மதியம் ஒன்று நாற்பது, இணைப்பு அணைந்த நிலையில்: இடது 13.8, வலது 14.1.